நவம்பர் ஒன்றாம் தேதியின் பேராசிரியர்

வாசலில் மீன்காரம்மாவிடம் சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. தெரேஸ் அக்கா. "வாணி, அவரு போயிட்டாரும்மா. காபி கேட்டாரு. போட்டு எடுத்துக்கினு வர்றதுக்குள்ள போயிட்டாரு" என்றார். அழவில்லை. பக்கத்து அறையில் இருப்பவரை எழுப்பிவிடக் கூடாதே என்பதுபோல் மெதுவாகப் பேசினார்.

மீன் வேண்டாம் என்றேன். "யாரும்மா தவறிப்போனது?" என்று மீன்காரம்மா கேட்டார். "எங்க காலேஜ்ல கூட வேலை பார்த்தவரு" என்றேன். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, சொன்ன பதில் எவ்வளவு சின்னது என்று எனக்கே கோபமாக வந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறாததால்தான் எங்கள் கல்லூரி மலருக்கு இதை எழுதுகிறேன்.

பேராசிரியர் சூசைநாதனை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இதை வாசிப்பவர்களில் பாதிப் பேர் அவர் வகுப்பில் கொட்டாவி விட்டிருப்பீர்கள், மீதிப் பேர் அவரோடு சண்டை போட்டிருப்பீர்கள். நான் இரண்டாவது வகை. எங்கள் கல்லூரியின் வரலாற்றுத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே பாடத்தை நடத்தியவர் அவர்: இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரான்சின் வெளியுறவுக் கொள்கை. மாணவர்கள் அவரைப் பிரெஞ்சுப் பாணியில் முசியே என்றார்கள். நான் அரசியல் அறிவியல் துறையில் இருந்தேன், சார் என்பேன். எழுபத்து நான்கு வயதில் கருவடிக்குப்பத்து வீட்டில், மனைவி தெரேஸ் அக்கா கொண்டுவரும் காபிக்குக் காத்திருந்த நேரத்தில், யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போய்விட்டார். வாழ்ந்த காலத்தில் அவர் தொந்தரவு கொடுக்காமல் இருந்தவரல்ல.

எங்கள் முதல் சந்திப்பே சண்டைதான். நான் முதலியார்பேட்டை ஆலைத் தொழிலாளியின் மகள். எங்கள் வீட்டில் அப்பா, சித்தப்பா எல்லாரும் தொழிற்சங்கத்துக்காரர்கள், இந்தியாவோடு இணைய வேண்டுமென்று ஊர்வலம் போனவர்கள். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து கடல் கடந்து போய் வந்தவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். எங்கள் தெருவில் அந்தச் சொல்லை யாரும் நல்லவிதமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. சூசைநாதனின் அப்பா ஒரு சொல்தா என்று ஆசிரியர் அறையில் யாரோ சொன்னார்கள். சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத நான், எல்லார் முன்னிலையிலும் கேட்டேன்: "எங்க ஆளுங்கள அடக்கின ராணுவத்துலதான உங்க அப்பா இருந்தாரு?"

அவர் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "இல்ல மேடம். உங்க ஆளுங்கள அடக்க அவரு ஊர்ல இல்ல. வியட்நாம்காரங்கள அடக்கப் போயிருந்தாரு" என்றார். பிறகு, "டீ சொல்றேன், சர்க்கரை போடலாமா?" என்று கேட்டார். எனக்குக் கோபப்படவும் தெரியவில்லை, சிரிக்கவும் தெரியவில்லை. சர்க்கரை போடலாம் என்றேன்.

அவருடைய முதல் வகுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பாடம் தொடங்குவதற்கு முன்னால் மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கு நவம்பர் ஒன்றாம் தேதி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எங்கே இருந்தார்கள்? புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய நாள் அது. மறுநாள் கரும்பலகையில் உலக வரைபடம் ஒன்றைக் கோணலாக வரைவார். பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லப் புள்ளி வைப்பார். ஆலையில் ஒருவர். வில்லியனூர் வயலில் ஒருவர். சைகோனில் ஒருவர். மார்செய் துறைமுகத்தில் ஒருவர். வீராம்பட்டினத்துப் பெண் ஒருத்தி, "கடல்ல இருந்தாராம் முசியே, கொடி ஏத்துனதே கரைக்கு வந்தப்புறந்தான் தெரியுமாம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் வங்காள விரிகுடாவில் ஒரு புள்ளி வைத்தார்.

பலகை நிறைந்ததும் அதைத் தட்டிக் காட்டிச் சொல்வார்: "வெளியுறவுக் கொள்கையைப் பாரீசில் எழுதுவார்கள். அதை வாசிக்க வேண்டுமென்றால் நம் குருசுக்குப்பத்துக்கு வர வேண்டும்." நான் ஒருமுறை கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கேட்டேன். பாடப்புத்தகத்தில் நாற்பது பக்கம் படித்துப் புரியாதது அந்தக் கோணல் வரைபடத்தில் புரிந்தது. என் வகுப்பிலும் அப்படிச் செய்து பார்த்தேன். அவர் அளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை, பிள்ளைகளை அதட்டிவிட்டேன்.

அவர் தன் வீட்டாரை மட்டும் சுரண்டிப் பார்த்தவர் இல்லை, என் பக்கத்தையும் விட்டுவைத்ததில்லை. இணைப்புப் போராட்டத்தைப் பற்றி ஒரு மலரில் எழுதினேன். புதுச்சேரி மக்கள் அனைவரும் ஒரே குரலில் எழுந்தார்கள் என்று முழங்கியிருந்தேன். படித்துவிட்டு வந்தார். "அனைவருமா மேடம்? இணையலாமான்னு கீழூர்ல ஓட்டுப் போட்டது நூத்தி எழுபத்தெட்டுப் பேரு. உங்க அப்பாவ யாராவது கேட்டாங்களா? எங்க அப்பாவ யாராவது கேட்டாங்களா?" என்றார். சண்டை போட்டேன். பிறகு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். அப்பா யோசித்துவிட்டு, "ஓட்டா? நாங்க வெளிய நின்னுக்கினு இருந்தோம். உள்ள இருந்தவங்கதான் போட்டாங்க" என்றார். அடுத்த பதிப்பில் அந்த வரியை மாற்றினேன். சூசைநாதன் அதைப் பார்த்தார். ஒரு பொட்டலம் முந்திரி கேக்கை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சியை நான் இரண்டு பத்தியில் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். வரட்டும். போர் முடிந்தபோது பிரான்சு வென்றவர்களின் வரிசையில் உட்கார்ந்திருந்தது, ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. கூரை ஒழுகினாலும் வாசலுக்கு மட்டும் வெள்ளையடிக்கிற குடும்பம் என்பார். அந்த வெள்ளையடிப்புக்காக இந்தோசீனாவில் எட்டு ஆண்டு சண்டை போட்டுத் தோற்றது. தோற்ற அதே ஆண்டில், பெரியதைக் காப்பாற்றச் சிறியதை விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டது. அந்தச் சிறியது நாம். பெரியது அல்ஜீரியா. அது தன் நாட்டின் ஒரு பகுதி என்றே பிரான்சு சொல்லிக்கொண்டிருந்தது.

நவம்பர் ஒன்று கத்தோலிக்கர்களுக்குச் சகல புனிதர்கள் திருநாள். அந்த நாளில் இங்கே கொடி மாறியது. அதே நாளில், விடிவதற்கு முன்பே, அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. இங்கே ஆட்சி கைமாறியதே தவிர, சட்டப்படி முடித்துக்கொடுக்க எட்டு ஆண்டு ஆனது. ஐம்பத்து ஆறில் கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் கிடப்பில் போட்டது. ஒன்றைச் சட்டப்படி விட்டுக்கொடுத்தால் அல்ஜீரியாக்காரர்களும் அதையே காட்டிக் கேட்பார்கள் என்ற பயம். அறுபத்து இரண்டில் அல்ஜீரியா சண்டை போட்டு வென்ற பிறகுதான் நம் காகிதத்துக்கும் வழி பிறந்தது. "தோத்துக்கினு இருக்கறவன்தான் கையெழுத்துப் போட ரொம்ப யோசிப்பான்" என்பார். அப்படியென்றால் நம் விடுதலைக்கு முத்திரை வாங்கிக்கொடுத்ததில் அல்ஜீரியாக்காரர்களுக்கும் பங்கு உண்டு. அவர்களை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. சூசைநாதனின் அப்பா அதில் ஒருவர்.

அப்பாவின் பெயர் சவரிராயன். சைகோனில் எட்டு ஆண்டு, பிறகு அல்ஜீரியாவில் ஐந்து ஆண்டு. நான் பார்த்தபோது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். வலது காது கேட்காது. ஒவ்வோர் ஆண்டும் முதல் உலகப் போர் முடிந்த நாளான நவம்பர் பதினொன்றில் கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தின் முன்னால் மற்ற பழைய சொல்தாக்களோடு வரிசையில் உட்காருவார். அல்ஜீரியாவைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஆசை. அவர் சார்ந்திருந்த முன்னாள் படைவீரர் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் இறந்தால் சங்கத்தின் கொடி வீட்டுக்கு வரும். கொடி பிடிப்பவர் பெட்டிக்கு முன்னால் நடப்பார், தோழர்கள் பதக்கங்களோடு பின்னால் வருவார்கள், குழிக்கருகில் கொடியைத் தாழ்த்துவார்கள். மனைவி செத்த நாளிலிருந்து அவர் தன் சாவைப் பற்றிப் பேசினால் இதைத்தான் பேசுவார். "கொடியோட போவணும்" என்பார்.

ஆட்சி கைமாறியதன் ஐம்பதாம் ஆண்டு வந்தது. எங்கள் கல்லூரியில் ஒருநாள் கருத்தரங்கு. சூசைநாதனின் கட்டுரைத் தலைப்பு அழைப்பிதழில் அச்சானது: 'ஒரே நாள்: புதுச்சேரியும் அல்ஜீரியாவும்.' பழைய சொல்தாக்கள் எல்லாருக்கும் அவரே கொண்டுபோய் அழைப்பிதழ் கொடுத்தார். வேறு யாராவது என்றால் தலைப்பை மாற்றியிருப்பார்கள், அல்லது அழைப்பிதழைத் தபாலில் போட்டிருப்பார்கள்.

அழைப்பிதழ் கொடுத்த நான்காம் நாள் சங்கத்தின் மூத்தவர் அந்துவான், சவரிராயனைத் தேடி வீட்டுக்கு வந்தார். இருவரும் ஒரே பிரிவில் இருந்தவர்கள். அன்று நடந்ததைத் தெரேஸ் அக்கா எனக்குச் சொன்னார். அந்துவான் உட்காரக்கூட இல்லையாம். "சவரி, உன் புள்ள நம்மள ஊர் முன்னாடி கொலைகாரன்னு சொல்லப் போறான். அத அவன் வாசிச்சான்னா இந்த வூட்டுக்குக் கொடி வராது. இப்பவே சொல்லிட்டேன்" என்றாராம். மாமனாரின் நல்ல காதில்தான் விழுந்தது, விழாத மாதிரி இருந்துவிட்டார் என்றார் அக்கா.

வெட்கத்தோடு சொல்கிறேன், நான் அவரைத் தடுக்கப் பார்த்தேன். "சார், வயசானவரு. இன்னும் எத்தனை வருஷம்? அவரு காலத்துக்கு அப்புறம் வாசிக்கலாமே" என்றேன். அவர் தலையை அசைத்தார். "அவரு செத்தப்புறம் சொன்னா அது வரலாறு இல்ல மேடம், புறணி" என்றார். ஆனால் அவருக்கும் பயம் இருந்தது. என்னிடம் பிழை பார்க்கக் கொடுத்த பன்னிரண்டு பக்கத்தில் பாரீஸ் இருந்தது, நாடாளுமன்றம் இருந்தது, அமைச்சர்கள் வந்து வந்து போனார்கள். புதுச்சேரியிலிருந்து போன ஒரு சிப்பாய்கூட இல்லை. கொள்கையை மட்டும் சொல்லி, ஆட்களைத் தொடாமல் தப்பித்துவிடலாம் என்று நினைத்திருந்தார். நான் அதைக் கவனித்தேன். நல்லதாகப் போயிற்று என்று வாயை மூடிக்கொண்டேன்.

கருத்தரங்கு நாள் காலையில் சவரிராயன் மகனைக் கூப்பிட்டு, "எங்க, அத எனக்கு முதல்ல வாசி" என்றாராம். நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து சூசைநாதன் பன்னிரண்டு பக்கத்தையும் வாசித்தார். முடிந்ததும் கிழவர் கேட்டது தெரேஸ் அக்காவுக்கு அப்படியே மனப்பாடம். எனக்கும்தான். "எல்லாரும் இருக்காங்க. நான் எங்கடா? என்னையக் காணோமே."

"உங்களுக்காகத்தான் பப்பா வுட்டுட்டேன்" என்றிருக்கிறார் மகன்.

"எனக்காகவா வரலாறு எழுதற?" என்று கேட்டுவிட்டு, நாற்பது ஆண்டாகச் சொல்லாததைச் சொல்லத் தொடங்கினார். ஒரு மலைக்கிராமம். பெயர் அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. வீடுகளைக் காலிசெய்து ஆட்களை லாரியில் ஏற்ற உத்தரவு. ஒரு கிழவி ஆட்டுக்குட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்றாள். இவர்தான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஏற்றினார். அவள் திட்டிக்கொண்டே வந்தாள். "ஒரு வார்த்தை புரியல. ஆனா எங்க அம்மா திட்டற மாதிரியே இருந்துது" என்றார். பிறகு வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். அவர் வைத்தது மூன்று வீட்டுக்கு.

"அது அறுவதாம் வருஷம். என் ஊர்ல பிரெஞ்சுக்காரன் கொடிய எறக்கி ஆறு வருஷம் ஆவுது. நான் அடுத்தவன் ஊர்ல அவன் கொடிக்காகத் தீ வெச்சேன். அத வுட்டுட்டு நீ என்னத்த வாசிக்கப் போற? எழுது" என்றார். கொடி வராதே பப்பா என்று மகன் சொன்னதற்கு, "எழுதுடா" என்று மறுபடியும் சொன்னாராம். சூசைநாதன் பன்னிரண்டாம் பக்கத்தின் பின்புறத்தில் பேனாவால் எழுதினார். எழுதி முடித்ததும் கிழவர் தெரேஸ் அக்காவிடம் பதக்கம் குத்திய கோட்டை எடுத்துவரச் சொன்னார்.

அந்த அமர்வுக்கு நான்தான் தலைவர். மேடையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி. முன்வரிசையில் ஒன்பது சொல்தாக்கள், நடுவில் சவரிராயன், அவர் பக்கத்தில் அந்துவான். பன்னிரண்டு பக்கமும் நான் பிழை பார்த்தபடியே போனது. முன்வரிசையில் ஒருவர் இருமினார், இன்னொருவர் லேசாகக் கண் அயர்ந்தார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்போது அவர் கடைசித் தாளைத் திருப்பினார்.

"இந்தக் கொள்கையை நிறைவேற்றியவர்களில் என் தந்தை சவரிராயனும் ஒருவர். அவர் இந்த அவையில் இருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது இது" என்று தொடங்கி, மலைக்கிராமத்தையும் கிழவியையும் ஆட்டுக்குட்டியையும் மூன்று வீடுகளையும் வாசித்தார். பாதியில் அந்துவான் எழுந்தார். நாற்காலி தரையில் தேய்ந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. அவர் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். ஒன்பது நாற்காலியில் எட்டு காலியானது. சவரிராயன் மட்டும் முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டு, மகனைப் பார்த்தபடி கடைசிவரை உட்கார்ந்திருந்தார். யாரும் கைதட்டவில்லை. தட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

கூட்டம் கலைந்தபோது கிழவரின் கையைப் பிடித்துப் படியிறக்கினேன். அவர் என் பக்கம் திரும்பி, "நல்லா வாசிச்சானாம்மா? இந்தக் காது கேக்காது, பாதிதான் வுழுந்துச்சு" என்றார். நல்லா வாசிச்சாருங்க ஐயா என்றேன். "பய சின்ன வயசுலேர்ந்தே நல்லா வாசிப்பான்" என்றார். ஒரு சொல்தாவின் கையைப் பிடித்தது அன்றுதான் எனக்கு முதல்முறை. என் தெருவில் கேட்டு வளர்ந்த அந்தச் சொல்லை அதற்குப் பிறகு என்னால் பழைய தொனியில் சொல்ல முடியவில்லை.

அந்துவான் சொன்னதைச் செய்தார். அடுத்த நவம்பர் பதினொன்றில் சங்கத்து வரிசையில் சவரிராயனுக்கு நாற்காலி இல்லை. அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார், கடற்கரைக்கு நடக்க வந்த கூட்டத்தோடு நின்று பார்த்துவிட்டு வந்தார். அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. சூசைநாதன் ஒவ்வொரு முறையும் அவரோடு போய் நின்றார். ஊரில் இரண்டு பக்கமும் அவருக்கு நல்ல பெயர் இல்லை. சொல்தா வீடுகளில் அப்பனைக் காட்டிக்கொடுத்தவன் என்றார்கள். எங்கள் பக்கத்தில், இவ்வளவு நாள் கழித்து ஒப்புக்கொண்டு என்ன பிரயோசனம் என்றார்கள். அவர் கருத்தரங்குக்கு மறுநாளும் காலை ஒன்பது மணி வகுப்புக்கு வந்தார், கோணலாக வரைபடம் போட்டார். அப்பா அந்தத் தேதியில் அங்கே இல்லாவிட்டாலும், அல்ஜீரியாவில் முதல் புள்ளியைத் தன் வீட்டுப் புள்ளியாக வைத்துவிட்டுத்தான் பிள்ளைகளிடம் கேட்க ஆரம்பித்தார்.

மூன்று ஆண்டு கழித்துச் சவரிராயன் இறந்தார். காலையிலிருந்து சூசைநாதன் வாசலைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் எதிர்பார்க்கிற மாதிரி ஆகிவிடுமே என்று பெட்டியின் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். நான்தான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு எடுப்பதாக இருந்தது. இரண்டரைக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. அந்துவான் இறங்கினார். கோட்டு, பதக்கங்கள், வெள்ளைக் கையுறை. பின்னால் இன்னொரு ஆட்டோ. பிறகு ஒருவர் பேரனின் ஸ்கூட்டரில் வந்தார். மொத்தம் ஆறு பேர். கருத்தரங்கிலிருந்து வெளியேறிய எட்டுப் பேரில் அப்போது உயிரோடு இருந்தவர்கள் ஆறு பேர்தான்.

அந்துவான் சூசைநாதனின் முன்னால் போய் நின்றார். "கொடி வரல" என்றார். "அது சங்கத்துக் கொடி, சங்கம் ஒத்துக்கல. எங்க காலு எங்களுது. வந்துட்டோம்."

பெட்டிக்குப் பின்னால் அவர்கள் ஆறு பேரும் இரண்டிரண்டு பேராக நடந்தார்கள். அந்த வெயிலில் ஒருவரும் கோட்டின் பொத்தானைக் கழற்றவில்லை. குழிக்கருகில் தாழ்த்தக் கொடி இல்லாததால், கையை நெற்றியில் வைத்துச் சாமியார் செபம் முடிக்கும்வரை இறக்காமல் நின்றார்கள். மண் போட்ட பிறகு அந்துவான் சூசைநாதனைத் தோளில் தொட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "சவரி இழுத்துக்கினு போனானே, அந்தக் கிழவி. அவளோட ஆட்டுக்குட்டிய வாங்கிக் கீழ வுட்டது நானு. அடுத்த தபா எழுதுனா என் பேரையும் போடு" என்றார்.

போட்டார். கட்டுரை புத்தகமாக வந்தபோது கடைசிப் பக்கத்தில் ஏழு பெயர்கள் இருந்தன. மற்ற ஐந்து பேரின் வீட்டுக்கும் அவரே போய், உட்கார்ந்து கேட்டு, எழுதியதை வாசித்துக் காட்டி, அவர்கள் தலையசைத்த பிறகுதான் சேர்த்தார். பிரான்சின் வெளியுறவுக் கொள்கையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அதைக் கையால் செய்தவர்கள் தாங்களாகவே முன்வந்து பெயர் கொடுத்த புத்தகம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அது எங்கள் கல்லூரியிலிருந்து வந்தது, என் நண்பர் எழுதியது. இதில் எனக்கு இருக்கிற பெருமையை அடக்கமாகச் சொல்லத் தெரியவில்லை, சொல்லவும் போவதில்லை.

போன மாதம் கடைசியாகப் பார்த்தேன். இளைத்திருந்தார், வாய் மட்டும் இளைக்கவில்லை. என் கட்டுரை ஒன்றில் இரண்டு தவறு கண்டுபிடித்து வைத்திருந்தார். எவ்வளவோ ஆண்டாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "சார், அன்னைக்கு அந்தத் தாளைத் திருப்பாம இருந்திருந்தா அப்பாவுக்குக் கொடி வந்திருக்கும். எப்பவாச்சும் வருத்தப்பட்டீங்களா?" "தெனமும்" என்றார். "வருத்தம் இல்லன்னு யாரு சொன்னா? அதுக்காக எழுதாம இருக்க முடியுமா?" தெரேஸ் அக்கா மருந்து கொண்டுவந்தார், பேச்சு வேறு பக்கம் போனது.

அடக்கத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். வெவ்வேறு ஆண்டு மாணவர்கள், தலை நரைத்தவர்கள்கூட, முசியே முசியே என்று அழுதீர்கள். இரங்கல் கூட்டத்தில் பேசிய ஒவ்வொருவரும் அந்தக் கருத்தரங்கைச் சொன்னீர்கள். சிங்கம்போல் வாசித்தார், குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை என்றீர்கள். அன்று அந்தக் கூடத்தில் இல்லாதவர்களும் அதையே சொன்னீர்கள். அன்பில் சொன்னது, அதனால் அங்கே எழுந்து மறுக்க மனம் வரவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். அவருக்குத் தெரிந்தால் நான் சும்மா இருந்ததற்குத்தான் கோபிப்பார்.

குரல் நடுங்கியது. நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். "என் தந்தை சவரிராயனும் ஒருவர்" என்றபோது உடைந்தது. அந்துவான் எழுந்தபோது தாள் ஆடிய ஆட்டத்தில் எழுத்து தெரியாமல் போய், இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாவதை நிமிர்ந்து பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடி குனிந்து விட்ட இடத்திலிருந்து எடுத்தார். கிழவியிலிருந்து மூன்றாவது வீடுவரை, ஒரு வரியையும் தாண்டாமல் நடுங்கிக்கொண்டே வாசித்து முடித்தார். அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது அந்த நடுங்கிய குரலைத்தான்.